விசுவமடுவில் ஒரு வெளிநாட்டு நிறுவனம்

1

நான் நோர்வேக் குடிமகளாகி ஒரு வருடம் முடிந்ததை என் மகள் மதுராதான் ஞாபகப்படுத்தினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எந்த நாளையும் கேக் வெட்டக்கூடிய நாளாக மாற்றிவிடும் கெட்டித்தனம் அவளுக்கு உண்டு.

"அம்மாக்கு நோர்வே பேர்த்டே" என்றாள். "கேக் வேணும். கொடி குத்தவேணும்."

கார்த்திகை மாதம். இங்கே மத்தியானம் கடந்ததும் இருளத் தொடங்கிவிடும். நான் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் அரைநாள் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்து கேக் சுட்டேன். மேலே தூவுவதற்கு ஊரிலிருந்து வந்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, வறுத்து இடித்தேன். மிஞ்சியதை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவா என்று மதுரா கேட்டாள். அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஒவ்வாது. அந்தப் பள்ளியின் படலைக்குள் கச்சான் போகவே கூடாது. நான் அவளுடைய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அரைமணித்தியாலம் கழித்து, ஒழுங்காகக் கழுவினேனா என்ற சந்தேகத்தில் திரும்பவும் கழுவினேன்.

ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கோயில் திருவிழாவில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிக்கிற கச்சான் இங்கே ஆபத்தான பொருள். அது அந்த மாதம் எங்கள் ஊரான விசுவமடுவிலும் ஆபத்தான பொருளாகியிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

2

அதே வாரம் எங்கள் நகரசபை ஒரு கூட்டம் வைத்தது. எங்களுடையது கடலோரத்துச் சின்ன நகரம். ஒரு துறைமுகம், ஒரு பள்ளி, மீன் மணம். வெளிநாட்டு உரிமையாளர்களின் நிறுவனம் ஒன்று மீன்தீவனத் தொழிற்சாலை போட வந்திருந்தது. துறைமுகக் காணியைக் குறைந்த குத்தகைக்கும் மின்சாரத்தைச் சலுகை விலைக்கும் கேட்டது. அந்தத் துறைக்கு முன்னால்தான் கடற்படைக் கப்பல்கள் போய்வருகின்றன. ஆகவே, பிறநாட்டார் கையிலிருக்கும் நிறுவனங்களுக்கு இனிமேல் நகரசபை சலுகை கொடுக்கலாமா கூடாதா என்பது கேள்வி.

இவர், என் கணவர், பஸ் ஓட்டுகிறவர். அன்று மாலைமுறை வேலை. "நீர் போய்ப் பாரும். இப்ப உமக்கும் வோட் இருக்கு" என்றார். கடமை என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. போனேன்.

பக்கத்து வீட்டு பெரித் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தா. நாற்பது வருடம் படகுச் சேவையில் ரிக்கற் கிழித்து ஓய்வுபெற்ற மனுஷி. நான் அவவின் காதில் மெல்லக் கேட்டேன், அந்த நிறுவனத்துக்காரர் கூடாதவர்களா என்று.

"நல்லவர்களாகவும் இருக்கலாம்" என்றா பெரித். "ஆனால் அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு என் வீட்டு வாசலை மலிவாகக் கொடுப்பேனா?"

கடைசியில் கூட்டத்தின் மனநிலையை அறிய, சலுகை வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். பெரித் உயர்த்தினா. நானும் உயர்த்தினேன். என் கை மற்றக் கைகளை விடக் கொஞ்சம் தாழ்வாகத்தான் நின்றது. ஆனால் நின்றது. இந்த நாட்டில் ஒரு விஷயத்தைப் பற்றி என்னிடமும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்தேன். வழியில், வேலைவாய்ப்பு வேண்டும் என்று எத்தனை குடும்பங்கள் இருக்கும், நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்றும் யோசித்தேன். யோசிக்காமல் நான் நடந்த பாதை எதுவும் இல்லை.

3

இரண்டு நாள் கழித்துச் சுகந்தியிடமிருந்து குரல்செய்தி வந்தது. சுகந்தி என் தம்பி தீபனின் மனைவி. எனக்கு மச்சாள். கோழிகள் கொக்கரிக்கும் சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தா.

"மச்சாள், நான் சொன்னதெண்டு உங்கட தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மெஷின் வராது போல கிடக்கு. உங்கட பேரால. பேரால எண்டு நான் பிழையாச் சொல்லேல்லை மச்சாள், கோவியாதேங்கோ. ஆனா உங்கட பேராலதான்."

மூன்று தரம் கேட்டும் எனக்கு விளங்கவில்லை. உடனே அவவுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன்.

தீபனுக்கு விசுவமடுவில் கச்சான் கொட்டகை ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டக்காரரிடம் கச்சான் வாங்கி, உடைத்து, வறுத்து, பைகளில் அடைத்து விற்கிறான். அயலிலுள்ள பெண்கள் சிலர் அங்கே வேலை செய்கிறார்கள். நாள் முழுக்கக் கையால் கச்சானின் மேலோடான கோதை உடைப்பதில் அவர்களுடைய பெருவிரல் நகங்கள் மழுங்கிப்போகும். கொழும்பில் ஒரு பெரிய வியாபாரி அதிகமாகக் கேட்டார். அதற்குக் கோது உடைக்கும் இயந்திரம் வேண்டும். சிறு தொழில்களுக்கு அரச மானியத்தில் இயந்திரம் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. தை மாதம் கச்சான் பிடுங்கத் தொடங்குமுன் கிடைத்தால் வியாபாரம் கைக்கு வரும். கிடைக்காவிட்டால் அந்த வியாபாரி வேறிடம் போய்விடுவார்.

இதற்குள் என் பெயர் எப்படி வந்தது? அந்த வியாபாரி கேட்டதற்காகத் தீபன் முன்பே கொட்டகையைக் கம்பனியாகப் பதிந்திருந்தான். நான் கூரைத் தகரத்துக்குக் கொஞ்சம் உதவியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் பதியும்போது அவன் என் பெயரை முதலில் போட்டு, பாதிக்கு மேற்பட்ட பங்கையும் எனக்கே எழுதினான். "மூத்தவா இருக்க என்ர பேரை மேல போடுறதோ? மூத்தவாக்குக் குறைய எழுதுறதோ?" என்றான். கலியாண அழைப்பிதழில் பெரியவர்களின் பெயரைப் போடுவதுபோலத்தான் அவன் நினைத்தான். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் உள்ளுக்குள் மகிழ்ந்தேனே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது நானும் இலங்கைப் பிரஜைதான்.

போன வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. கிடைத்த அந்த நிமிடமே விசுவமடுவில் ஒரு கச்சான் கொட்டகை வெளிநாட்டு நிறுவனமாகிவிட்டது. எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

கிளிநொச்சியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தீபனும் சுகந்தியும் போயிருக்கிறார்கள். அங்கே நடந்ததைச் சுகந்தி நடித்தே காட்டினா.

"அந்த மிஸ் நல்ல மனுசி மச்சாள். 'கம்பனி ஆற்ற பேரில?' எண்டு கேட்டவா. இவர், 'அக்கான்ர பேரில மிஸ்' எண்டார். 'அக்கா எங்க?' 'நோர்வேயில மிஸ்.' 'அங்கத்தைய சிற்றிசனோ?' எண்டு கேட்டா, உங்கட தம்பி நெஞ்சை நிமித்திக்கொண்டு, 'ஓம் மிஸ், போன வருசம் கிடைச்சது!' எண்டு சொல்லுறார். ஏதோ சோதினை பாஸ் பண்ணின மாதிரி. நான் மேசைக்குக் கீழால காலை மிதிக்கிறன், ஆள் நிப்பாட்டினாத்தானே."

அந்த மிஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டாவாம். பாதிக்கு மேல் பிறநாட்டார் கையிலிருந்தால் மானியம் இல்லை. பாதுகாப்புத் தரப்பின் அனுமதியோடு விசேஷமாகக் கேட்டுப்பார்க்கலாம். ஆனால் கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இராணுவ முகாம் இருப்பதால் அந்த அனுமதி இந்தப் போகத்துக்குள் வரும் என்று நம்பவேண்டாம் என்றாவாம்.

"கச்சானால நாட்டுக்கு என்ன மிஸ் ஆபத்து?" என்று தீபன் கேட்டிருக்கிறான்.

"கச்சானில ஒண்டுமில்லைத் தம்பி. ஆற்ற கச்சான் எண்டதுதான் கேள்வி."

பெரித் சொன்னதும் இதுதான். நான் கை உயர்த்தியதும் இதற்குத்தான்.

4

மறுநாள் நான் வேலையிடத்தில் பிள்ளைகளின் மழைச்சட்டைகளை ஆளுக்காள் மாற்றிப் போட்டுவிட்டேன். நீலச்சட்டைக்காரன் சிவப்பில் நின்று அழுதான்.

பெயரை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. இது எனக்கு உடனேயே விளங்கியது. ஆனால் தீபன் ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னை விலகச் சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிறானா? அல்லது நானாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறானா? நானாகச் சொன்னால், பயந்து கழன்றுகொள்கிறாள் என்று நினைப்பானா? இதை இவரிடம் கேட்டேன்.

"நேரா அவனிட்டையே கேளுமன்."

"கேட்டா, சுகந்தி சொன்னது தெரிஞ்சிடும்."

"அப்ப கேளாதையும்."

"கேக்காட்டி மெஷின் வராதே."

"இஞ்சரும், நான் பஸ்ஸுக்குப் போறன். அங்க ஏறுற சனம் ஒரு இடத்தில ஏறி ஒரு இடத்தில இறங்கும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

அவரிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. மதுரா தமிழில் "நான் பசி" என்கிறாள். அம்மப்பாவோடு பேசத் தொலைபேசியைக் கொடுத்தால் கையசைத்துவிட்டு ஓடுகிறாள். என் பெயரில் அங்கே ஒரு பங்கு இருந்தால், ஒரு காலத்தில் அது அவளுக்கு வரும், அவள் போய் உட்கார அங்கே ஒரு கதிரையாவது இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்தக் கதிரையை என் கையாலேயே எடுத்துவிடுவதா?

இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விசாரித்தேன். அதற்கும் நாளெடுக்கும். கச்சான் காத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாதான் போனைத் தூக்கினார். அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருடைய பேச்சு மலைநாட்டுப் பேச்சுத்தான்.

"என்னா புள்ள, வெளிநாட்டுக்காரியாயிட்டியாமே? கிளிநொச்சி ஆபீசுலயே பேசிக்கிறாங்களாம்."

"அப்பா, பகிடி விடாதேங்கோ."

"நான் வெளிநாட்டுக்காரனா இருந்து ஒரு வழியா முடிச்சேன். நீ திரும்ப ஆரம்பிச்சிருக்க." அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

சிரிப்புக்குரிய விஷயம்தான், இப்போது. அப்பா இந்த நாட்டில் பிறந்தவர், இந்த நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர். ஆனால் மலையகத் தமிழர் பலரையும் போல நாடற்றவர் என்று எழுதப்பட்டிருந்தவர். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பிரஜாவுரிமை வந்தது. அதற்கு முன்னால் எங்கள் பகுதிக்குத் தண்ணீர்ப் பம்புகள் மானியத்தில் வந்தன. அடையாள அட்டை உள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா வேலியோரம் நின்று, மற்றவர்களுடைய பம்புகளைத் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொடுத்தார். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வேலை முடிந்த பிறகு பம்பை இரவல் தருவார். எங்கள் மிளகாய்க் கன்றுகள் எப்போதும் பொழுதுபட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தன.

அதை நினைத்ததும் என் மனதில் ஒன்று தெளிந்தது. எங்கள் குடும்பத்தில் அரசாங்கத்தின் சலுகை ஒன்றுக்கு இந்த நாட்டுக்காரன் என்று வரிசையில் நிற்கப்போகிற முதல் ஆள் தீபன். அவனை வேலியோரம் நிறுத்துவது எந்தச் சட்டமும் அல்ல, என் பெயர்.

"அப்பா, போனைத் தீபனிட்டக் குடுங்கோ."

தீபன் வந்ததும் சுகந்தியைக் காட்டிக்கொடுக்காமல் ஏதோ சுற்றிவளைக்கப் பார்த்தேன். எனக்குப் பொய் வராது.

"தம்பி, என்ர பங்கைச் சுகந்தியின்ர பேருக்கு மாத்து."

அவன் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். பிறகு, "சுகந்தி!" என்று அவன் குசினிப் பக்கம் கத்தியது கேட்டது. "உன்ர வாய்க்கு ஒரு பூட்டு வாங்கவேணும்!"

"அவாவைப் பேசாதை. நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டக்கா சொல்லுறது? அக்காவைக் கலைச்சுப்போட்டு மெஷின் வாங்கினவன் எண்டு சனம் கதைக்காதே? மெஷின் இல்லாட்டிப் போகட்டும். இவ்வளவு நாளும் கையாலதானே உடைச்சனாங்கள்."

"கையால உடைச்சது நீயோ? உடைக்கிற பொம்பிளையளிட்டக் கேட்டனியோ?"

பின்னாலிருந்து சுகந்தி, "அப்பிடிக் கேளுங்கோ மச்சாள்!" என்றா.

தீபன் இன்னும் ஏதும் சொல்லி மறுக்குமுன் நான் வேகமாகச் சொன்னேன்.

"நான் சும்மா விடமாட்டன். எனக்கும் ஒண்டு வேணும். ஒவ்வொரு போகமும் முதல் வறுக்கிற சட்டியில, முதல் பை எனக்கு, கோது உடைக்காம. அம்மனுக்கு எடுத்து வைச்ச பிறகு, வேற ஆருக்கும் விக்கிறதுக்கு முதல். அதில மாத்தம் வரக்கூடாது."

"அது கேட்டே வாங்கவேணும்? தாறதுதானே" என்றான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

5

பெயரைச் சேர்ப்பதை விட எடுப்பது கஷ்டம் என்று தெரிந்துகொண்டேன். ஊர்க் கடதாசிகளில் நான் கா. கலைச்செல்வி. இங்கே கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் கடைசிப் பெயர். இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவேண்டியிருந்தது. அதைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது வாசலில் எங்கள் தபால்பெட்டியைப் பார்த்தேன். இவருடைய பெயருக்குக் கீழே காளிமுத்து என்று அப்பாவின் பெயர், நோர்வே எழுத்தில், மழையில் நனைந்துகொண்டிருந்தது. எந்த அரசாங்க வரிசையிலும் கூப்பிடாத பெயரை இங்கே தபால்காரன் தினமும் வாசிக்கிறான். எனக்கு அந்தக் குளிரிலும் சிரிப்பு வந்தது.

எங்கள் நகரசபை, உரிமையாளர்கள் யாரென்று முழுவதும் சொல்லாதவரை அந்த நிறுவனத்துக்குச் சலுகை இல்லை என்று முடிவெடுத்தது. உயர்த்திய கையைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. தன் வாசலில் நிற்பது யாரென்று கேட்க ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்தில் கையை உயர்த்துமுன் நானும் ஒன்று கேட்பேன்: அந்தப் பெயரை அங்கே எழுதியது யார், ஏன் எழுதினார்கள் என்று. பெரித்திடம் இதைச் சொன்னேன். "இது நல்ல கேள்வி, கூட்டம்தான் நீண்டுபோகும்" என்றா.

தை மாதக் கடைசியில் கச்சான் பிடுங்கத் தொடங்குமுன் இயந்திரம் வந்துவிட்டது. வீடியோவில் காட்டினார்கள். அது போட்ட சத்தத்தில் யார் பேசியதும் கேட்கவில்லை. பெண்கள் பெருவிரலை நிமிர்த்திக் காட்டிச் சிரித்தார்கள். அப்பா மட்டும் ஒரு மூலையில் கதிரை போட்டு, இயந்திரம் கச்சானை இரண்டாகப் பிளக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டு கையால் உடைத்துக்கொண்டிருந்தார்.

மாசியில் ஊரிலிருந்து திரும்பிய ஒரு தோழி என் முதல் பையைக் கொண்டுவந்தா. இப்படிக் கொண்டுவரலாமா என்று நான் முதலே சுங்கத்தின் விதிகளைத் திரும்பத்திரும்ப வாசித்து அவவை அலுப்படித்திருந்தேன். பையில் புதிதாக அச்சடித்த ஒட்டுத்தாள். அதில் கொட்டை எழுத்தில்: அக்கா கச்சான்.

உடனே தீபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்னடா இது? பேரை எடுக்கத்தானே இவ்வளவு பாடு! திரும்பப் பிரச்சினை வரப்போகுது. மெஷினைத் திருப்பிக் கேட்டால்?"

"அந்த மிஸ் மெஷினைப் பாக்க வந்தவா அக்கா. பையைத் தூக்கிப் பாத்திட்டு, 'தம்பி, ஆர் இந்த அக்கா?' எண்டு கேட்டவா."

"ஐயோ. நீ என்ன சொன்னனி?"

"'உங்களுக்கும் ஒரு அக்கா இருப்பா தானே மிஸ்' எண்டு சொன்னனான்."

"அதுக்கு?"

"'இருக்கிறா, லண்டனில' எண்டா. பிறகு சிரிச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சிட்டு, ரெண்டு பை வாங்கிக்கொண்டு போனவா."

மேசையில் செய்தித்தாள் விரித்துப் பையைப் பிரித்தேன். மதுராவுக்கு இதுவரை கோது நீக்கிய கச்சான்தான் தெரியும். கோதோடு கண்டதும் கடித்துப் பார்த்தாள். பிறகு நான் செய்வதைப் பார்த்து, முனையில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். டக் என்று வெடித்ததும் துள்ளினாள். மடியெல்லாம் கோது, நிலமெல்லாம் கோது. ஒட்டுத்தாளில் விரல் வைத்து, நான் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்துகளைக் கூட்டினாள்.

"அக்-கா. ஆர் அது?"

"நான்தான்."

"நீ அம்மா."

"உனக்கு அம்மா. உன்ர மாமாவுக்கு அக்கா."

அதை யோசித்தபடி இன்னொன்றை உடைத்து என் வாயில் வைத்தாள். பிறகு தானாகவே எழுந்து, நாளைக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டு, கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சவர்க்காரம் போட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அடுத்த கச்சானை எடுத்து உடைத்தேன்.